அம்பாசிடர் ரேடியேட்டர்: ஈயம் வைத்துப் பார்த்து, கடைசியில் கோர் மாற்றியது

வண்டி 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த அதே பழைய இன்ஜின்தான். மாமனாருடையது. சங்ககிரிப் பக்கம் தோட்டத்து ஷெட்டில் பல வருஷம் சும்மா நின்றுவிட்டுச் சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்ததிலிருந்தே ரேடியேட்டர் ஒழுகல். இப்போது ஏற்காடு ஏறி இறங்கியும் தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கிறது. கை மறப்பதற்குள் செய்ததை எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இப்போது அலுமினிய ரேடியேட்டருக்கு மாறுகிறார்கள். நான் ஏன் மாறவில்லை என்பதும் நடுவில் வரும்.

தரையில் சொட்டுவதை வைத்து ஒழுகும் இடத்தைச் சொல்லவே முடியாது. ஃபேன் காற்று தண்ணீரைப் பின்னால் வாரி அடித்து இன்ஜின் முழுக்க நனைத்துவிடும். ஈரம் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். செம்பும் பித்தளையும் ஒழுகுகிற இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். எனக்கு மேல் டேங்கும் கோரும் (தண்ணீர் ஓடும் டியூப்கள் நிறைந்த நடுப்பகுதி) சேரும் விளிம்பில், டிரைவர் பக்கமாக, நான்கு விரல் அகலத்துக்குப் பூத்திருந்தது. வண்டி குளிர்ந்து நிற்கும்போது அங்கே ஈரமே இல்லை. அரை மணி நேரம் ஓட்டி வந்து நிறுத்தினால்தான் கசிய ஆரம்பிக்கும். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறுவதால் அப்படி.

ரேடியேட்டரைக் கழற்றும் முன் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டர் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். வரவில்லை. ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயிலும் தண்ணீர் கலந்து வெளுக்காமல் இருந்தது. அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ஃபேன் நின்றதும் கிரில் பக்கமிருந்து உள்ளங்கையைக் கோர் மேல் தடவிப் பார்த்தேன். அடிப்பகுதியில் ஒரு பெரிய பட்டை வெதுவெதுப்பாகக்கூட இல்லை. தண்ணீர் அந்த டியூப்களில் போகவே இல்லை. இதை அன்றைக்கே பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும்.

மாமனார் சொன்ன வைத்தியம் மஞ்சள் தூள். லாரிக்காரர்கள் தலைமுறையாகச் செய்வது: மூடியைத் திறந்து இரண்டு மூன்று ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டு ஓட்டினால் தூள் ஊறி ஓட்டையில் போய் அடைந்துகொள்ளும். வேலை செய்யும், மறுக்கவில்லை. நடுராத்திரி தொப்பூர்ப் பக்கம் மாட்டிக்கொண்டால் நானும் போடுவேன். ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, டியூப் எது என்று தெரியாது. ஏற்கெனவே பாதி அடைத்துக்கிடக்கும் டியூப்களில்தான் முதலில் போய்த் தங்கும். நான் போடவில்லை. எனக்கு முன்னால் யாரோ போட்டிருக்கிறார்கள் என்பது டேங்கைத் திறந்தபோது தெரிந்தது.

சரி, கழற்றும் வேலை. கீழ் டேங்கில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. உப்பு கட்டிப்போய் அடைத்திருந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குத்தியதும் துருத் தண்ணீர் கொட்டியது. பெரிய அலுமினியச் சட்டியில் பிடித்தேன். கூலன்ட் கலந்த தண்ணீரைத் தரையில் விடக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

இந்த வண்டியின் போல்ட்டுகள் இஞ்சு அளவு. ரேடியேட்டரைப் பிடித்திருப்பவற்றுக்கு அரை இஞ்சு ஸ்பேனர். அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனரும் உட்காரும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் அந்த 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் போதும், தலை உருண்டுவிடும். முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மறுநாள் இஞ்சு ரிங் ஸ்பேனரால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றினேன். எல்லாமே முழுசாக வந்தன.

ஹோஸ் ரப்பர் பித்தளைக் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். திருகி இழுக்க வேண்டாம். அந்தக் கழுத்து டேங்கோடு வெறும் ஈயத்தில்தான் நிற்கிறது. இழுத்தால் ஹோஸுக்குப் பதில் கழுத்து வந்துவிடும். பிளேடு கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தேன். எப்படியும் புது ஹோஸ்தான் போடப்போகிறோம். தூக்கும் முன் ஃபேனுக்கும் கோருக்கும் நடுவில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிவைத்தால் ஃபேன் இறக்கை கோரைக் கிழிக்காது.

முதல் சுற்றில் விளிம்பை மட்டும் பற்றவைத்து வாங்கி வந்தேன். 600 ரூபாய். மேல் விளிம்பு கச்சிதமாக நின்றது. கொஞ்ச நாளில் கீழ் டேங்க் விளிம்பில் ஈரம். அதையும் பூசி மாட்டினால் நடுவில் ஒரு டியூப். ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம் திறந்துகொண்டது. அப்போதுதான் மூடியைத் துடைத்து அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 0.9.

எல்லாத் தொல்லைக்கும் பாதிக் காரணம் இந்த மூடி. எவ்வளவு அழுத்தம் வரை மூடி திறக்காமல் பிடிக்கும் என்பதுதான் அந்த எண். 0.9 என்பது பார் கணக்கு. சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்ட் என்ற கணக்கில் சொன்னால் 13. ஏதோ புது மாடல் காரின் மூடியை எடுத்து மாட்டியிருக்கிறார்கள், கழுத்தில் சரியாக உட்காருவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தத் தலைமுறை ரேடியேட்டருக்கு 7 பவுண்ட் போதும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும் என்பது உண்மைதான்: 7 பவுண்டில் வெறும் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது, 13 பவுண்டில் சுமார் 119 வரை. அதனால் பெரிய மூடி நல்லது என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். ஆனால் நாற்பது வயது ஈயப் பற்று அந்த 13 பவுண்டைத் தாங்க வேண்டுமே! உங்கள் பழைய வண்டி ஒழுகினால் ஸ்பேனரை எடுக்கும் முன் மூடியின் எண்ணைப் படியுங்கள். குளிர்ந்த பிறகு திறந்து படியுங்கள்.

இரண்டாம் முறை சங்ககிரியில் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்கு எடுத்துப் போனேன். லாரி ஊர் என்பதால் அங்கே வாசலில் கிடப்பதெல்லாம் லாரி ரேடியேட்டர்கள், போர்வெல் வண்டி ரேடியேட்டர்கள். என்னுடையது அவற்றின் நடுவில் பொம்மை மாதிரி இருந்தது. மிஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு ஹோஸ் கழுத்தையும் ரப்பர் கட்டையால் அடைத்து, மூடி இருக்கும் வாயை முழு அடைப்பாக மூடி, அதிகப்படித் தண்ணீர் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் காற்று விட்டுச் சிமெண்ட் தொட்டியில் முக்கினார். குமிழி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பல இடத்திலிருந்து வந்தது.

"இன்னொரு தடவை ஈயம் வச்சுடலாமாண்ணா?" என்று கேட்டேன்.

"ஈயம் வைக்கிறதுக்குப் பித்தளை வேணுமில்லீங்க தம்பி? இப்பவே ஈயத்துலதான் இந்த ரேடியேட்டர் நிக்குது" என்றார்.

மேல் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அவர் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கேஸ் டார்ச்சின் தீயை விளிம்பில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். ஈயம் முதலில் மங்கும், அப்புறம் திடீரென்று பளபளக்கும். பளபளத்த கணத்தில் இடது கையில் இருக்கும் இரும்புப் பிரஷ்ஷால் வழித்துவிடுகிறார். உருகிய ஈயம் தெறித்துத் தரையில் மணி மணியாக விழுகிறது. ஒரு பக்கம் விட்டதும் குறடால் டேங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அடுத்த பக்கம். தீ ஒரு நிமிஷம் அதிகமாக நின்றால் பக்கத்தில் டியூப்களைப் பிடித்திருக்கும் ஈயமும் உருகிவிடும். வீட்டில் இதைச் செய்து பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது, பார்த்ததும் போய்விட்டது.

உள்ளே டியூப் வாய்களின் மேல் மஞ்சளும் துருவும் உப்பும் கலந்து அடையாக ஒட்டியிருந்தது. தோட்டத்துப் போர்வெல் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள். கடின நீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு பிரிந்து ஒட்டிக்கொள்ளும், டீக்கடை பாய்லரில் ஒட்டுகிற அதே சமாச்சாரம். வழக்கமாக இதற்கு ராடிங் செய்வார்கள்: டியூப் அளவுக்குத் தட்டையான நீள எஃகுப் பட்டையை ஒவ்வொரு டியூபிலும் விட்டு உரசி எடுப்பது. அவர் சில டியூப்களில் விட்டார். பாதி தூரத்திலேயே பட்டை நின்றது. அழுத்தியதும் ஒரு டியூபின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பித்தளை காகிதமாகத் தேய்ந்திருக்கிறது. டியூப்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளை, அதாவது ஃபின்களைக் கட்டைவிரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. ஒன்றிரண்டு டியூப் போனால் இரண்டு முனையிலும் ஈயம் வைத்து மூடிவிட்டு ஓட்டலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்போது மூன்று வழி இருந்தது. உடைப்புக் கடையில் இன்னொரு பழைய ரேடியேட்டர் தேடலாம். அதுவும் இதே வயதாகத்தான் இருக்கும் என்பதால் விட்டேன். புது அலுமினியம் வாங்கலாம்: எடை குறைவு, குளிர்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத் தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், கிரில் வழியே பார்த்தால் வேறு வண்டி மாதிரி தெரியும், நாளைக்குக் கல்லடி பட்டு ஓட்டை விழுந்தால் ஈயப் பட்டறையில் சரி செய்ய முடியாது. மூன்றாவது, பழைய டேங்குகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடுவது. இதைத்தான் எடுத்தேன். மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டுமே கெட்டியான பித்தளை. காஸ்டிக் சோடா கொதிநீர்த் தொட்டியில் போட்டு எடுத்ததும் புதுசாக வந்தன. அலுமினியத்தை அந்தத் தொட்டியில் போட்டால் கரைத்துவிடும், இதுவும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கோரில் ஒரு பேரம் உண்டு. "ஒரு டியூப் வரிசை சேர்த்துப் போட்டுடலாங்களா? இன்னும் கூலிங்கா இருக்கும்" என்று கேட்டார். வேண்டாம், பழைய கனமே இருக்கட்டும் என்றேன். கனத்த கோர் வழியாகக் காற்றை இழுக்க இந்த வண்டியின் ஃபேனுக்குத் தெம்பு போதாது. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது அதுதான் முக்கியம். ஃபேனுக்கும் கோருக்கும் இருக்கும் இடைவெளியும் குறைந்துவிடும். பழைய கோரை எடைக்கு எடுத்துக்கொண்டு கூலியில் கழித்தார். செம்பு விலையைக் காலையிலேயே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

வேலை முடிந்து கைக்கு வந்ததும் மறுபடி தொட்டியில் முக்கி 10 பவுண்ட் காற்றில் கால் மணி நேரம் பார்த்தோம். குமிழி இல்லை. பற்றவைக்கும்போது தடவுவது துத்தநாகத் துண்டு போட்டு அடக்கிய ஆசிட். அது மிச்சம் இருந்தால் சில மாதத்தில் அதே இடம் பச்சை பூக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புச் சோடா கரைத்த வெந்நீரில் உள்ளும் புறமும் கழுவினேன். வெளியே மங்கலான கருப்புப் பெயிண்ட், மிக லேசாக. பளபளப்பான எனாமலைத் தடிமனாக அடித்தால் ஃபின்களுக்குப் போர்வை போர்த்திய கணக்குதான்.

புது ரேடியேட்டரை உடனே மாட்டக் கூடாது. இன்ஜினுக்குள் இருக்கும் துரு முழுக்கப் புதுக் கோரில் வந்து உட்காரும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகுழாயை முழுசாகக் கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) வாயில் தோட்டத்து ஹோஸை வைத்துத் துணி சுற்றி, தண்ணீரைத் தலைகீழாக விட்டேன். முதலில் செம்மண் நிறம், அப்புறம் டீ நிறம், கடைசியில் தெளிந்தது. நடுநடுவே கம்பியால் அந்த ஓட்டையைக் கிளறவில்லை என்றால் துருக் கட்டிகள் வெளியே வராது.

தெர்மோஸ்டாட் வாய் என்றேன். தெர்மோஸ்டாட்டே அங்கே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எடுத்து வீசிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும், சோக்கை இழுத்தே ஓட்ட வேண்டும், பெட்ரோலும் கூடப் போகும். 82 டிகிரி என்று குத்திய ஒன்றை வாங்கி, பால் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். 80 தாண்டியதும் வாய் பிளக்க ஆரம்பித்தது. பாத்திரம் எதற்குப் பயன்பட்டது என்பதை வீட்டில் சொல்லவில்லை.

மாட்டுவது எளிது. புது ஹோஸ்களின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிளிப்பைக் கழுத்தின் மேட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து இறுக்கினேன். முதல் சில ஓட்டத்துக்கு மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் மெல்லிய நைலான் வலைத்துணியைப் பை மாதிரி வைத்துக் கட்டியிருந்தேன். கழற்றிப் பார்த்தபோது ஒரு ஸ்பூன் துரு சேர்ந்திருந்தது. அத்தனை கழுவியும்!

தண்ணீர் விஷயத்தில் இனி போர்வெல் கிடையாது. டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர், கூலன்ட் 2.5 லிட்டர் கலந்து வைத்தேன். கிட்டத்தட்ட முழுதும் பிடித்தது. சேலத்தில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலன்ட் துருவைத் தடுக்கத்தான். பழைய ஈயப் பற்று ரேடியேட்டருக்குப் பழைய பச்சை வகையே நல்லது. டப்பாவின் நிறத்தை நம்பாமல் செம்பு, பித்தளை, ஈயத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்கினேன்.

ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கி, மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது. மறுபடி ஊற்றினேன், கழுத்து வரை நிரப்பவில்லை. இந்த வண்டியில் தனியாக ஓவர்ஃப்ளோ டப்பா கிடையாது. சூட்டில் விரியும் தண்ணீருக்கு மேல் டேங்கில் ஓர் இஞ்சாவது காலியிடம் வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் அதிகப்படி குழாய் வழியே வெளியே போகும். தினமும் காலையில் நிரப்பி, தினமும் சாயங்காலம் "ஒழுகுது" என்று புலம்பும் அம்பாசிடர்காரர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

சோதனைக்கு ஏற்காடு ரோடு. 20 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர், நாலு பேர் உள்ளே. வெப்ப மீட்டரின் முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஏறி அங்கேயே நின்றது. முள்ளை மட்டும் நம்பவும் முடியாது: தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் இருக்கும், முள் கீழே இறங்கி எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும். அதனால் மேலே போனதும் ஆறவிட்டு, மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு அளந்தேன். கிளம்பும்போது குச்சியில் போட்ட கோட்டிலேயே ஈரம்.

செலவு: கோர் மாற்றக் கூலியோடு 9,200, பழைய கோருக்குக் கழித்தது 1,400, ஆக 7,800 ரூபாய். ஹோஸ் இரண்டும் கிளிப்புகளும் 640. 7 பவுண்ட் மூடி 150. தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் 420. கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து 940. மொத்தம் 9,950. முதலில் பூசிய 600 தனி. இன்னொரு வண்டிக்குச் செய்தால் முதலில் மூடி, அடுத்து கை வைத்துக் கோரின் சூடு, அதன் பிறகுதான் பட்டறை. கோரில் குளிர்ந்த பட்டை இருந்தால் விளிம்பில் ஈயம் வைக்கச் சொல்லி 600 ரூபாயைக் கொடுக்க மாட்டேன், நேராக டேங்கைத் திறக்கச் சொல்வேன்.

ரேடியேட்டர் ஒழுகாமல் நிற்பதால் இப்போது தண்ணீர் பம்ப் கண்ணில் படுகிறது. அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுற்றி லேசான ஈரக்கறை. ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் நூலளவு ஆட்டம். உள்ளே பேரிங்கும் சீலும் தேய ஆரம்பித்திருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் பழைய அம்பாசிடர் பம்ப் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், கிடைத்தால் ஃபேன் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.